கனியுப்பு குறைவு

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு பாமசிக்குள் நின்று கத்திவிட்டேன். பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் பிரஷரை ஏற்றிக்கொண்டு வந்த மனுசி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பால்மா ரின்களைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள் அல்லவா, அதற்கு முன்னால் ஒரு பொடியன் நின்றான். புதிதாகத் தகப்பன் ஆனவன் என்று பார்த்தவுடன் தெரிந்தது. கண் இரண்டும் சிவந்து, சேர்ட்டில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது. போனில் மனைவியோடு கதைத்துக்கொண்டிருந்தான். "இதில அயன், சிங்க், கல்சியம் எல்லாம் கூடக் கிடக்கப்பா. தாய்ப்பால்ல இவ்வளவு இல்லையாம். நெட்லயும் பாத்தனான்."

"ஆர் தம்பி சொன்னது கூட இருந்தா நல்லமெண்டு?" என்றேன்.

"என்ன அன்ரி?"

"கடல்லயும்தான் கூட இருக்கு. றோட்டைக் கடந்தா கடல். ஒரு போத்தல் அள்ளிக்கொண்டு போய்ப் பருக்கும்!"

கவுண்டரில் நின்ற பிள்ளை என் மருந்துச் சீட்டைக் கையில் வைத்தபடி எட்டிப் பார்த்தாள். பொடியன் பாவம், ஒன்றும் வாங்காமல் வெளியே போய்விட்டான். பஸ்ஸில் தெஹிவளைக்கு வரும்போது வெட்கமாக இருந்தது. கொஞ்சம்தான்.

மா கரைத்துக் கொடுக்கிற தாய்மாரை நான் குறை சொல்ல வரவில்லை. பால் வராதவர்கள் இருக்கிறார்கள், வேலைக்கு ஓடவேண்டியவர்கள் இருக்கிறார்கள், நானே ரின் பால் குடித்து வளர்ந்தவள்தான். எனக்குக் கோபம் வரும்போதெல்லாம் "மாட்டுப்பால் குணம்" என்று அம்மா சொல்லுவா. என்னுடைய கோபம் அந்த ரின்மேல் இல்லை. 'கூட' என்ற அந்தச் சொல்லின்மேல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நின்று சம்பளம் வாங்கினவர்கள்மேல். அதில் நானும் கொஞ்சக் காலம் வாங்கினேன், அதனால்தான் இந்தக் கதையை எனக்குச் சொல்லத் தெரியும்.

அந்தக் கடையில் யாரோ ஒரு ரின்னைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். வனிலாவும் பழைய பட்டரும் கலந்ததுபோல ஒரு மணம் வந்தது. அந்த மணம் மூக்கில் ஏறினால் எனக்கு உடனே அடுத்த மணமும் வந்துவிடும். அது எரிகிற பாலின் மணம்.

என் முதல் வேலை வெள்ளவத்தையில் ஒரு லாப்பில். கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கை, கீழே புடவைக்கடைக்காரர் ஒருவரின் ஸ்டோர், மேலே நாங்கள். தேயிலை, மிளகாய்த்தூள், கோழித்தீன், கிணற்றுத் தண்ணீர் என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது தொழில். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டை வரைக்கும் பஸ்ஸில் வந்து, அங்கிருந்து கரையோர ரயிலில் தொங்கிக்கொண்டு வருவேன். இறங்கும்போது தலைமயிர் உப்புக் காற்றில் பிசுபிசுத்துப் போயிருக்கும். கையை இரண்டு தரம் கழுவாமல் எதையும் தொடக்கூடாது என்பது சேரின் கட்டளை. சேர் என்றால் லாப்பின் தலைமை இரசாயனவியலாளர். வெள்ளைச் சேர்ட், சந்தனப் பொட்டு, மெல்லிய குரல். கோபம் வந்தாலும் குரல் உயராது. குரல் உயராத மனிதர்களை நான் அதற்குப் பிறகு நம்பியதே இல்லை.

பாலில் உள்ள கனியுப்புகளை, அதாவது இரும்பு, கல்சியம் போன்ற மினரல்களைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் பாலை எரிக்க வேண்டும். மூசை என்று ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம். அதில் பாலை ஊற்றி, வற்றவைத்து, உலைக்குள் வைத்துவிடுவோம். முதலில் பால்ரொபி கிண்டுகிற மணம் வரும். வாய் ஊறும். பிறகு மயிர் கருகுகிற மணம். யன்னலைத் திறக்க முடியாது, கடல் காற்று உள்ளே வந்தால் எல்லாக் கணக்கும் பிழைத்துவிடும். மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்போம். பிறகு ஒரு மணமும் இல்லை. கதவைத் திறந்தால் கிண்ணத்தின் அடியில் வெள்ளைச் சாம்பல். தாய்ப்பாலில் மிஞ்சுவது விபூதிப் புதனுக்குக் கோயிலில் சுவாமியார் நெற்றியில் பூசுகிற அளவுகூட இராது. ரின் மாவைக் கரைத்து அதே அளவு எரித்தால், சாம்பல் கண்ணுக்கே கூடத் தெரியும். மாட்டுப்பாலில் உப்பு கூட, கன்று கிடுகிடு என்று எழும்ப வேண்டும். அதைக் குறைத்துத்தான் மா செய்கிறார்கள். குறைத்தும் கூட.

அந்தச் சாம்பலை அமிலத்தில் கரைத்து, மெஷினில் சுவாலைக்குள் தெளித்து அளப்போம். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு விளக்கு. இரும்புக்கு இரும்பு விளக்கு, செம்புக்குச் செம்பு விளக்கு. நாங்கள் தமிழில் படித்தவர்கள், எங்கள் புத்தகத்தில் சிங்குக்கு 'நாகம்' என்று பெயர். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அம்மா "இண்டைக்கு என்னடி வேலை?" என்று கேட்க, நான் நினைவில்லாமல் "தாய்ப்பால்ல நாகம் பாத்தனான்" என்று சொல்லிவிட்டேன். அம்மா கறிச்சட்டியைக் கீழே வைத்து, சிலுவை போட்டுக்கொண்டா. "பாலுக்குள்ள பாம்போ? அந்தோனியாரே!" அதற்குப் பிறகு ஒழுங்கைக்குள் எனக்குப் 'பாம்புக்காரி' என்று பெயர் வந்தது. ஒரு சொல்லுக்கு வீட்டில் ஒரு அர்த்தம், புத்தகத்தில் ஒரு அர்த்தம் என்று அப்போது சிரித்தோம். வயிறு நோகச் சிரித்தோம்.

பால்மாக் கொம்பனி ஒன்றின் வேலை எங்கள் லாப்புக்கு வந்தது அந்த நாட்களில்தான். கொழும்புத் தாய்மாரின் பாலில் கனியுப்பு எவ்வளவு, தங்கள் ரின்னில் எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். சேருக்குப் பெரிய சந்தோஷம். தாய்மாரைத் தேடுவது யார்? நான்தான். எனக்குக் கொட்டாஞ்சேனையில் எல்லாரையும் தெரியும். யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று அம்மாவைக் கேட்டால் போதும், மாதவாரியாகச் சொல்லுவா.

அமிலத்தில் ஊறவைத்துக் கழுவின சின்னப் பிளாஸ்ரிக் போத்தல்களோடு வீடு வீடாகப் போவேன். சிலர் நாணுவார்கள். சிலர் கண் படும் என்பார்கள். "என்னுடையது நல்லதோ என்று பாத்துச் சொல்லுவீங்களா?" என்று எல்லாரும் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் இருந்த பயத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. ஊருக்கே பாலூட்டக்கூடிய பெண்கள், தங்கள் பால் நல்லதோ என்று என்னைக் கேட்டார்கள், கல்யாணமாகாத, இருபத்திரண்டு வயதுப் பாம்புக்காரியை.

சண்டைக் காலம். ஐஸ் பெட்டிக்குள் போத்தல்களை அடுக்கிக்கொண்டு வரும்போது செக்பொயின்றில் இறக்கிவிடுவார்கள். தமிழ்ப் பெண், பெட்டி நிறையப் போத்தல், உள்ளே ஏதோ திரவம். யோசித்துப் பாருங்கள். ஒரு ஆமிக்காரன், என் தம்பி வயது இருக்கும், ஒரு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து "மே மொனவாத?" என்றான், இது என்னவென்று. "கிரி, மல்லி" என்றேன். பால் என்றால் கிரி, மல்லி என்றால் தம்பி. "காகே கிரித?" யாருடைய பால் என்று கேட்கிறான். "அம்மலாகே" என்றேன், தாய்மாருடையது என்று. அவன் முகம் காது வரைக்கும் சிவந்து, போத்தலை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்து, மூடியையும் தானே மூடி, போகச் சொன்னான். அந்த வேலையில் என் போத்தல்களுக்கு மரியாதை கொடுத்தவன் என்று பார்த்தால் அவன் ஒருத்தன்தான் நினைவுக்கு வருகிறான்.

பால் தந்தவர்களில் ஒருத்தி ஜெசிந்தா. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு. புருசனுக்குத் துறைமுகத்தில் வேலை. எனக்கு இரண்டு வயது இளையவள், பள்ளிக்கூடத்தில் எனக்குப் பின்னால் படித்தவள். ஓ.எல். சோதனை எடுத்து விஞ்ஞானத்தில் 'சீ' தரம் வாங்கினவள். படிப்பை விட்டது கல்யாணத்துக்காக, மூளை இல்லாமல் இல்லை. முதல் பிள்ளை, பெண், மெலனி என்று பெயர். கறுத்த, நீண்ட விரல்களோடு, யார் விரலை நீட்டினாலும் பிடித்துக்கொள்ளும். ஜெசிந்தா போத்தலைத் தரும்போது லேபலில் தன் பெயரைத் தானே எழுதித் தந்தாள், அழகான எழுத்து.

அவளுடைய பாலை நான்தான் எரித்தேன், நான்தான் அளந்தேன். எல்லாத் தாய்மாருடையதும் எப்படி இருந்ததோ அப்படியே அவளுடையதும் இருந்தது. இருக்க வேண்டியது இருந்தது.

அறிக்கை எழுதும்போது கடைசியில் ஒரு பந்தி சேர்த்தேன். தாய்ப்பாலில் உள்ள இரும்பையும் நாகத்தையும் பிள்ளையின் குடல் நன்றாகப் பிடித்து எடுத்துக்கொள்ளும், மாவில் உள்ளதில் பெரும்பங்கு கழிவாக நப்பியோடு போய்விடும், அதனால்தான் மாவில் கூடப் போடுகிறார்கள், ஆகவே இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துக் கூட குறைய என்று சொல்லக்கூடாது. இதுதான் பந்தி. புதிதாக ஒன்றும் இல்லை, யாரும் படித்தால் தெரிவதுதான். சேர் அதைச் சிவப்புப் பேனையால் ஒரு கோடு போட்டு வெட்டினார்.

"சேர், இது இல்லாட்டி ஆக்கள் பிழையா விளங்குவினம்."

"பிள்ளை, கஸ்ரமர் கேட்டது நம்பர். கதை கேக்கேல்ல."

"நம்பர் மட்டும் போனா பொய்யாயிடும் சேர்."

"நம்பர் எப்பிடிப் பிள்ளை பொய்யாகும்? நீர்தானே அளந்தனீர்?"

மெல்லிய குரலில், சிரித்துக்கொண்டு கேட்டார். எனக்கு அதற்குப் பதில் வாயில் வரவில்லை. இன்றைக்கு வருகிறது, பஸ்ஸில், குசினியில், குளிக்கும்போது, நினைத்த நினைத்த இடத்தில் எல்லாம் வருகிறது. என்ன பிரயோசனம்?

அடுத்த வருடம் பிறக்கும்போது கொட்டாஞ்சேனை டிஸ்பென்சரிகளில் ஒரு கலண்டர் தொங்கியது. கொம்பனியின் ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி, கழுத்துப்பட்டி கட்டின ஒருவர், டொக்டர்மாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பால்மாவை விளம்பரம் செய்யக்கூடாது என்று சட்டம் இருந்தது. கலண்டர் எப்படி விளம்பரமாகும்? ரின்னின் பெயர் கீழே எறும்பு அளவில். மேலே கொழுகொழு என்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. நடுவில் இரண்டு தூண்கள், ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. குட்டைத் தூணுக்குக் கீழே சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருந்தது. தமிழில் இப்படி: 'தாய்ப்பாலில் கனியுப்பு குறைவு. உங்கள் குழந்தைக்கு அது போதுமா?'

அந்தத் தூண்கள் இரண்டும் என் கணக்கு. அந்தக் குட்டைத் தூணுக்குள் ஜெசிந்தாவின் பாலும் இருந்தது. அவளுக்கு அது தெரியாது. பிள்ளைக்குச் சளி, தடிமன் என்று டிஸ்பென்சரிக்குப் போய், முறை வரும்வரைக்கும் வாங்குப் பலகையில் இருந்து அந்தக் கலண்டரை வாசித்திருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் பஸ்ஸுக்கு ஓடும்போது ஜெசிந்தா வாசலில் நின்று கூப்பிட்டாள். கையில் கழுவின ஜாம் போத்தல், அதில் பாதி பால்.

"அக்கா, இதையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்களேன். இப்ப சரியா இருக்கா எண்டு."

"என்னடி, உன்ட பாலுக்கு என்ன? முந்தியே பாத்தாச்சே."

"இல்ல அக்கா, இப்ப கொஞ்சம் கூட்டியிருக்கேன். பிள்ளை இப்ப நல்லாக் குடிக்குது தெரியுமா? விடாமக் கேக்குது. குடுக்கக் குடுக்க அழுகுது."

கூட்டியிருக்கிறேன் என்றால் முருங்கைக்கீரையும் சுறாவும் சாப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பால் கூடவேண்டும் என்று எல்லாரும் செய்கிறதுதானே. பஸ் வந்துவிட்டது. போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

பின்னேரம்தான் கை ஒழிந்தது. எரிக்க நேரமில்லை, சும்மா பாலை ஐதாக்கி, சோடியம் பார்க்கிற சின்ன மெஷினில் தெளித்தேன். நீலமாக எரிந்துகொண்டிருந்த சுவாலை மஞ்சளாகப் பாய்ந்தது. ஊசி கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. யார் யன்னலைத் திறந்தது என்று கத்தினேன். எல்லாம் மூடித்தான் இருந்தது. ஜாம் போத்தல் அல்லவா, ஒழுங்காகக் கழுவியிருக்க மாட்டாள் என்று நினைத்தேன். இன்னும் தண்ணீர் விட்டு ஐதாக்கித் தெளித்தேன். மறுபடியும் மஞ்சள். தாய்ப்பாலில் இவ்வளவு சோடியம் வராது. எந்தத் தாய்க்கும் வராது.

லாப்பில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது முதல் பாடம். நான் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. சொதிக்குப் போடுகிற மாதிரி உப்பு.

காலையில் ஜெசிந்தா சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது. விடாமக் கேக்குது, குடுக்கக் குடுக்க அழுகுது. அது பசி இல்லை. தாகம். கடவுளே, அந்தப் பிள்ளை தண்ணீருக்கு அழுதிருக்கிறது, அதற்கு மேலும் மேலும் உப்புப் பால்!

அப்போது ஒழுங்கைக்குள் யாரிடமும் போன் இல்லை. மூலையில் ஒரு கொமியூனிகேஷன் கடை, அங்கே எடுத்தால் கூப்பிட்டுவிடுவார்கள். எடுத்தேன். "ஜெசிந்தா வீட்டில உடன சொல்லுங்க, பிள்ளைக்கு அந்தப் போத்தல் பாலைக் குடுக்க வேணாமெண்டு."

"ஐயோ மிஸ், பிள்ளைக்கு வலிப்பு வந்து இப்பத்தான் த்ரீவீலர்ல போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க."

நானும் ஓடினேன். சேர் பின்னால் ஏதோ கேட்டார், நான் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் வார்ட்டைக் கண்டுபிடித்துப் போனபோது பிள்ளையைச் சுற்றி நேர்ஸ்மார் நின்றார்கள். ஜெசிந்தா சுவரோடு ஒட்டி நின்றாள், சட்டையின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. டொக்டர் ஒரு சிங்களப் பெண், களைத்த முகம். அவவைத் தனியே இழுத்து இங்கிலிஷில் சொன்னேன், பாலில் உப்பு, நான் அளந்தேன், இன்ன அளவு என்று. ஜெசிந்தாவுக்கு விளங்கக்கூடாது என்றுதான் இங்கிலிஷ். டொக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தா, பிறகு நேரே ஜெசிந்தாவிடம் போய்ச் சிங்களத்தில் கேட்டா. "ளமயாட்ட லுணு துன்னாத?" பிள்ளைக்கு உப்புக் கொடுத்தாயா?

கொட்டாஞ்சேனையில் பிறந்தவளுக்குச் சிங்களம் விளங்காதா? ஜெசிந்தா தலையை ஆட்டினாள், இல்லை என்று. சிங்களத்தில் அந்தச் சொல் அவளுக்குத் தெரியவில்லை, தமிழிலேயே சொன்னாள்.

"உப்பில்ல டொக்டர். கனியுப்பு."

டொக்டர் என்னைப் பார்த்தா, மொழிபெயர்க்கச் சொல்லி. நான் மொழிபெயர்க்கவில்லை. என்னால் முடியவில்லை.

பிறகு துண்டு துண்டாக அவளே சொன்னாள். கலண்டரில் கனியுப்பு குறைவு என்று போட்டிருந்தது. ரின் வாங்க வழியில்லை. விஞ்ஞானப் புத்தகத்தில் கறியுப்பும் ஒரு கனியுப்பு என்று படித்தது ஞாபகம் இருந்தது. உப்புப் பக்கற்றில் அயடின் சேர்த்தது, மூளைக்கு நல்லது என்று போட்டிருந்தது. பாலை ஒரு கோப்பைக்குள் கறந்து, ஒரு சிட்டிகை போட்டு, கரைத்து, போத்தலில் விட்டுக் கொடுத்திருக்கிறாள். பிள்ளை நன்றாகக் குடிக்கத் தொடங்கியதும் இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கிறாள். கூடிப்போனதோ என்று ஒரு சந்தேகம் வந்துதான் எனக்கு ஜாம் போத்தலில் தந்தாள். எவ்வளவு கவனமான பிள்ளை பாருங்கள். அளந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யோசனை வந்திருக்கிறது.

மெலனி வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

திங்கட்கிழமை நான் டிஸ்பென்சரிக்குப் போய், வாங்கில் ஏறி, அந்தக் கலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு லாப்புக்குப் போனேன். சேரின் மேசையில் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே கவலைப்பட்டார், அதை நான் மறைக்கவில்லை. பிறகு வாயைத் திறந்தார்.

"பாவம். படிப்பறிவில்லாத பிள்ளை போல."

"படிச்ச பிள்ளை சேர்! வாசிக்கத் தெரியாட்டி அவளின்ட பிள்ளை இண்டைக்கு உயிரோட இருக்கும்!"

"மெதுவாக் கதையும். கனியுப்பு சரியான மொழிபெயர்ப்புத்தானே? அகராதியில பாரும்."

அகராதியில் பார்க்கச் சொன்னார். ஒரு பிள்ளை செத்துக் கிடக்க, அகராதியில் பார்க்கச் சொன்னார்! மொழிபெயர்ப்பு சரி. நம்பர் சரி. தூண் சரி. எல்லாம் சரியாக இருந்து ஒரு பிள்ளை போய்விட்டது, பிழை அவளுடையதாம், அவள் வாசித்தது பிழையாம். ஒரு தாய்க்கு உன் பாலில் குறை இருக்கிறது என்று சுவரில் எழுதிவைத்துவிட்டு, அவள் அந்தக் குறையை நிரப்பப் பார்த்தால் அது படிப்பறிவில்லாத வேலையாம். நான் அந்த மேசையில் இருந்த மூசை ஒன்றை எடுத்து நிலத்தில் போட்டு உடைத்தேன். வேறு எதை உடைப்பது என்று தெரியவில்லை. அதற்கான காசைக் கடைசிச் சம்பளத்தில் வெட்டிக்கொண்டார்கள். அந்தக் கிழமையோடு வேலையை விட்டேன்.

கொம்பனிக்காரர் ஒருவரையும் நான் கண்டதில்லை. ரெப்பை ஒருநாள் கொட்டாஞ்சேனைச் சந்தியில் கண்டேன், அதே கழுத்துப்பட்டி, மோட்டார்சைக்கிளில். வழியை மறித்துக் கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, அச்சடித்து வந்ததைக் கொடுத்தாராம். "என்னைப் போட்டு ஏன் மிஸ் வதைக்கிறீங்க? எனக்கும் ரெண்டு பிள்ளை" என்றார். எல்லாருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். மற்ற டிஸ்பென்சரிகளில் அந்தக் கலண்டர் மார்கழி வரைக்கும் தொங்கியது. நான் போன இடங்களில் எல்லாம் கிழித்தேன், திரும்பப் போனால் இன்னொன்று தொங்கும்.

பிறகு இத்தனை வருடமாக ரியூட்டரியில் பிள்ளைகளுக்கு இரசாயனம் சொல்லிக்கொடுத்து, பெரிய குரல் உள்ள ரீச்சர் என்று பெயர் எடுத்தேன். லாப் இருந்த கட்டடத்தை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள், கடல் தெரிகிற பக்கம் கூடின விலையாம். டிஸ்பென்சரி டொக்டர் செத்துப்போனார், அந்த இடத்தில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். மூலையில் இருந்த கொமியூனிகேஷன் கடை எப்போது மூடப்பட்டது என்றுகூடத் தெரியாது, ஒருநாள் பார்த்தால் இல்லை. செக்பொயின்றுகள் போய்விட்டன. சேர் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறாராம். எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டை உடைத்து வாகனம் நிறுத்துகிற இடம் ஆக்கிவிட்டார்கள். ஜெசிந்தாவும் புருசனும் இத்தாலிக்குப் போய் இருபது வருடத்துக்கு மேல். அவளுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. வேண்டாம் என்று இருந்தாளா, கிடைக்கவில்லையா, நான் கேட்டதில்லை. எங்கள் ஒழுங்கையில் மெலனி என்று ஒரு பிள்ளை இருந்தது தெரிந்தவர்கள் இங்கே இப்போது அம்மாவும் நானும்தான், அம்மாவுக்கும் நினைவு தப்பத் தொடங்கிவிட்டது.

பிள்ளையை அடக்கம் செய்து கொஞ்ச நாளில், பூசை முடிந்து ஜெசிந்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். கறுப்புச் சட்டை. கதிரையில் இருக்காமல் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, முதல் தடவை நீங்க எடுத்துக்கொண்டு போனீங்களே, அந்தப் பாலில என்ன குறையா இருந்தது?"

பொய் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் குறைவுதான் ஜெசி, நீ செய்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால், பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒரு சின்னக் கயிறாவது கிடைத்திருக்கும். அந்த ஒரு பொய்க்குத்தான் அவள் வந்தாளோ தெரியாது. ஆனால் அவளுக்கு ஏற்கனவே ஒருதரம் பொய் சொல்லியாகிவிட்டது, பெரிய எழுத்தில், தூண் போட்டு.

"ஒண்டும் குறையேல்ல ஜெசி. ஒரு பிள்ளைக்கு என்ன வேணுமோ எல்லாம் இருந்தது."

அவள் தலையைக் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஈரம். பால் இன்னும் நிற்கவில்லை.

"அப்ப இப்ப வாறதிலயும் இருக்கும், என்ன?" என்றாள்.

"ஓம்" என்றேன்.